மேருவில் எரிந்த கியர் பாக்ஸும் என் நாற்பத்திரண்டு வரிகளும்

சென்ற புதன்கிழமை கிள்ளான் பக்கத்து மேருவுக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. ஆறாண்டுகளுக்கு முன் என்னை வெளியே அனுப்பிய கையுறைத் தொழிற்சாலை, கியர் பாக்ஸ் ஒன்று எரிந்ததற்குக் காரணம் கண்டு அறிக்கை தரும்படி என்னையே அழைத்திருந்தது. அங்கே பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவன் நான். இப்போது என் நாற்காலியில் இருப்பவன் சேகர், என் பழைய உதவியாளன். நான் ஒப்புக்கொண்டதே அதனால்தான்.

பிரிக்பீல்ட்ஸில் காலை 6.50க்குக் கிளம்பினேன். கேஎல் சென்ட்ரலுக்குப் பத்து நிமிட நடை. 7.05க்கு வரவேண்டிய கொமுட்டர் ரயில் 7.22க்கு வந்தது. கிள்ளானுக்கு ஒரு மணி பத்து நிமிடம். காலைக் கூட்டத்துக்கு எதிர்த்திசை என்பதால் இடம் கிடைக்கும். ஏசி குளிர்தான் எலும்புக்குள் இறங்கும். அங்கிருந்து மேருவுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர், வாடகைக் கார் கட்டணம் பதினாறு வெள்ளி.

"இது லோரி போற நேரம், அங்கிள். அவசரம்னா நேத்தே வந்திருக்கணும் லா," என்றார் ஓட்டுநர். நாற்பது நிமிடம் ஆனது.

சேகர் தேநீர் கொண்டுவந்தான், நான் விட்டுவந்த அதே குவளையில். தொடவில்லை.

"அலட்சியம்னு நீங்க எழுதினா என்ன இன்னைக்கே வேலையவிட்டுப் போகச் சொல்லிருவாங்கண்ணே," என்றான்.

பதிவேட்டைப் புரட்டினேன். நான் வகுத்த நாற்பத்திரண்டு வரிச் சோதனைப் பட்டியல்தான் இன்றும். ஐந்து வாரமாகத் தினமும் 'எண்ணெய் அளவு சரி' என்று டிக். பெட்டியிலோ சீல் தேய்ந்து, எண்ணெய் முழுவதும் கசிந்து வடிகாலுக்குள் போயிருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

பிறகு எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது, நடுவில் குங்குமம்.

"அஞ்சு வாரத்துக்கு முந்தி வச்ச ஆயுத பூஜை பொட்டுண்ணே. சாமி பொட்ட யாரு தொடைப்பா? வருஷா வருஷம் தானா உதிர்ந்துரும், இந்தத் தடவையும் உதிரட்டும்னு விட்டுட்டாங்க."

"அப்ப எதப் பாத்து டிக் போட்ட?"

"முந்தின நாள் டிக்கப் பாத்து."

"கண்ணாடி மேலயா பொட்டு வைப்பாங்க?"

"நீங்கதானண்ணே சொன்னீங்க, அதுதான் மெஷினோட கண்ணு, அங்கதான் வைக்கணும்னு."

சொன்னேன். முதல் வருடம், பாதி விளையாட்டாக. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பூஜைக்கு மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நானே துடைத்துவிடுவேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. பட்டியலிலும் இல்லை.

அறிக்கையில் இரண்டு தவறு எழுதினேன். பார்க்காமல் டிக் போட்டது சேகர். துடைக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டது நான். என் பெயரை முதலில் போட்டேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். "சேகருக்கு எச்சரிக்கைக் கடிதம் போதும்" என்றார், வேண்டாவெறுப்பாக.

இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு: லோரி நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. முதலில் இயந்திரத்தைப் பாருங்கள், பிறகு பதிவேட்டை. உங்கள் கை மட்டும் செய்யும் வேலை எதுவானாலும், நாற்காலியை விடுவதற்குள் எழுதி வையுங்கள். நாற்காலியை எப்போது பிடுங்குவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

என் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகச் சேகரை இன்னும் மன்னிக்கவில்லை. கிளம்பும்முன் பட்டியலின் அடியில் நாற்பத்து மூன்றாவது வரியை என் கையால் எழுதினேன்: 'பூஜைக்கு மறுநாள் காலை, பொட்டைத் துடைக்கவும்.' தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தேன். சர்க்கரை இன்னும் என் அளவுக்குத்தான் போடுகிறான்.