சோக்திய எண்களும் என் கல்யாணமும்

வழக்கொழிந்த மொழிக்கு எழுத்துரு செய்வதில் ஒரு வசதி உண்டு: அந்த மொழிக்காரர் யாரும் வந்து குறை சொல்ல மாட்டார். அதற்குத்தான் காரைக்குடியில் வேறு ஆட்கள் இருக்கிறார்களே!

ஒரு காலத்தில் மத்திய ஆசியாவில் வியாபாரம் செய்த சோக்தியரின் எண்களைக் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒழுங்காகத் தெரியவைப்பது என் பிழைப்பு. சம்பளம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. பெண்தான் எங்கிருந்தும் வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

நேமத்தான்பட்டிக்காரர்

ஒரு பெண்ணின் அப்பச்சி, அதாவது அப்பா, வந்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றார். உற்சாகமாக ஆரம்பித்தேன். ஒன்று, பத்து, இருபது, நூறு என்று நாலே குறிகள். மூன்று வேண்டுமென்றால் ஒன்றை மூன்று தடவை போட வேண்டும். பூஜ்யம் கிடையாது. அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"இதைப் படிக்க இப்ப யாரும் இல்லைங்கிறீக. பெறகு யாருக்குத்தான் செய்யிறீக?"

ஜெராக்ஸ் கடை உதவி

அடுத்து வந்த வலையபட்டிக்காரர், செய்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். விட்டேனா? ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, எண்களை வரிசையாக அச்சடித்து வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் அவர் கையில் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரு கோடு, மூன்றுக்கும் ஒரு கோடு, நாலுக்கும் அதே ஒரு கோடு! மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அழாத குறையாகக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிரித்த முகமாகச் சொன்னார்:

"ஒரே கோடு திரும்பத் திரும்ப விழுந்திருந்துச்சுண்ணே, நாந்தான் மிச்சத்தை அழிச்சு விட்டேன். அதுக்கெல்லாம் தனியாக் காசு வேணாம்."

கோயிலில் எண்ணிக்கை

ஒருவழியாக எழுத்துருவைப் பல்கலைக்கழகம் ஏற்று, போன்களிலும் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தோடு எங்கள் கோயிலுக்குப் போனேன். அங்கே புள்ளிக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நகரத்தார் வழக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. கல்யாணமாகாதவனுக்குக் கணக்கில் இடமே இல்லை. கணக்கெடுத்த பெரியவரிடம், சும்மா இருக்க மாட்டாமல், என் எண்களின் பெருமையை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெய்யாகவே யோசித்துக் கேட்டார்:

"பூஜ்யமே இல்லைங்கிறியேப்பா, அப்ப உன்னைய அவுக எப்படி எழுதுவாக?"

செத்துப்போன வியாபாரிகளின் எண்களுக்கெல்லாம் உலகத்துப் போன்களில் இடம்பிடித்துக் கொடுத்த நான், சொந்தக் கோயில் கணக்கில் எனக்கொரு இடம் பிடிக்க வழி தெரியாமல் இன்னும் வெளியேதான் நிற்கிறேன்.