பட்டணத்துக் கல்லூரியைத் தூத்துக்குடியில் பார்த்துவந்தது

யுத்தம் முடிந்த மறு வருஷம், மே மாதக் கடைசியில், பட்டணத்தில் ஒரு பெரிய கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. சேருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுதியாக வேண்டும். பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் படித்த கல்லூரியிலும் எனக்கு இடம் இருந்தது. அங்கே வகுப்புக்கு முப்பது பேர். காலையில் செய்த தவறு சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அது உயர்ந்த கல்லூரி என்று என் தகப்பனார் சொன்னார். அதனால்தான் எனக்கு யோசனையாக இருந்தது.

பட்டணம் போய்ப் பார்த்துவர இருபது ரூபாய்க்கு மேல் ஆகும். எங்கள் ஊர் எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு பஸ் கட்டணம் பதினான்கு அணா. பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்த அந்தோணி, அந்தப் பட்டணத்துக் கல்லூரியில் ஒரு வருஷத்தை முடித்துவிட்டு, விடுமுறைக்குத் தூத்துக்குடியில் தன் அக்காள் வீட்டில் இருந்தான். ஆகவே பட்டணத்தைத் தூத்துக்குடியில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

டிரைவரிடம் இதைச் சொன்னேன்.

"பட்டணத்துல படிக்கலாமான்னு பாக்க பட்டணத்துக்குல்லா போவணும்? தூத்துக்குடிக்கு ஏம் போறீய?"

"அங்கே போக டிக்கெட் அதிகம், அண்ணாச்சி."

"அப்பம் படிச்ச ஆளுதான்" என்று கரியடுப்பைக் கிளறினார்.

அது கரிப்புகையில் ஓடுகிற வண்டி. முப்பது மைலுக்கு மூன்று மணி நேரம். வழியில் இரண்டு இடத்தில் நின்று பெருமூச்சு விட்டது. எங்கும் கருமண், அதன்மேல் ஒரே வெயில். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று நிச்சயமில்லை. மாப்பிள்ளையூரணி தாண்டியதும் உப்பளங்கள். பாத்திகளில் வானம் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒருவர் பலகையால் மேகத்தை ஒதுக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். கிட்டே போனபிறகுதான் அது உப்பு.

துறைமுகத்தில் கப்பலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் ஐந்து மைலுக்கு அப்பால், வேறு யாருக்கோ காத்திருப்பவைபோல நிற்கும். தோணிகள்தான் சரக்கோடு போய்வரும்.

அந்தோணி அன்று மாலை முழுவதும் பட்டணத்தைப் புகழ்ந்தான். மணிக்கூண்டு, நூலகம், கடற்கரையில் வாத்தியம். அவன் அக்காள் ரோசம்மாள் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இங்கனயும் கடல் கெடக்கு. இவன் அங்க போயி ரயிலேறிக் கடலப் பாத்துட்டு வந்துருக்கான்."

மறுநாள் விடிவதற்கு முன்பே கரைக்காற்றில் வள்ளத்தில் பாய் விரித்துப் புறப்பட்டோம். முத்துக் குளிப்பு நடந்து பல வருஷம் ஆயிற்று, இப்போது சங்குதான். ரோசம்மாளின் கணவர் ராயப்பன் சங்கு குளிப்பவர். விடுமுறையில் அவருக்குக் கயிறு பிடிப்பவன் அந்தோணி. மற்ற மாதங்களில் அந்தோணியின் தம்பி பிடிப்பான். குளிப்பவரின் கயிறு மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"எங் கூடப்பெறந்தான்ட்ட குடுத்தா, நான் கீழ கெடக்கும்போது அவனுக்கு வீட்டுப் பங்கு ஞாபகம் வந்துரும்" என்றார் ராயப்பன். "இவனுக்கு அக்கா தாலி ஞாபகம் இருக்கும்லா?"

ஆழத்துக்கு இழுத்துப்போகும் கல்லில் கால் வைத்து மூச்சை இழுத்தார், இறங்கிவிட்டார். நீர் பச்சைக் கண்ணாடி. அவர் சிறியவராகி, நிழலாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனார். கயிறு மட்டும் நேராக இறங்கியது. சுற்றிலும் நாற்பது வள்ளங்கள் இருக்கும், சத்தமே இல்லை. கடல் மூச்சைப் பிடித்திருந்ததுபோல் இருந்தது.

இதுதான் சமயம் என்று கேட்டேன்: "வகுப்பு எப்படி? பேராசிரியர்கள் பழகுவார்களா?"

மறுபடி கேட்டேன். அந்தோணியின் கண் கயிற்றைவிட்டு நகரவில்லை. கயிறு ஒருமுறை துடித்தது, இழுத்தான். ராயப்பன் தலையை உதறிக்கொண்டு மேலே வந்து வள்ளத்தைப் பிடித்தார்.

"தம்பி, கயிறு இருக்கும்போது அவன்ட்ட பேசாதீய. இப்பம் கேளுங்க." பிறகு மைத்துனனைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, பட்டணத்துல ஒனக்கு எவம்ல கயிறு புடிக்கான்?"

வள்ளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணி சிரிக்கவில்லை.

"காய்ச்சல்ல ஆறு நாள் ரூம்ல கெடந்தேன், மச்சான்" என்றான். "வகுப்புல எவனோ என் நம்பருக்கு ஆஜர் சொல்லிட்டான். உதவிதான். அவன் யாருன்னுகூடத் தெரியாது. அதனால நான் வரலங்கிறது ஒருத்தனுக்கும் தெரியல. வருசக் கடைசில, ஒருநாள்கூடத் தவறாம வந்ததுக்குப் பரிசு குடுத்தாங்க."

"வாங்குனியா?"

"வாங்குனேன்."

"இதை ஏன் நேற்றுச் சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னா நீ வரமாட்டல்லா."

ராயப்பன் மறுபடி இறங்கினார். இம்முறை நானும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் கடற்காற்று எழுந்து எங்களைக் கரைக்குத் தள்ளியது. சங்குக் குவியல்மேல் ஈரத்துணி போர்த்தியிருந்தார்கள். திங்கட்கிழமை எழுதிவிடுவதாக அந்தோணியிடம் சொன்னேன்.

"என்னன்னு?"

"வருகிறேன் என்று."

"அப்பம் ஒங்க அக்காவ இவனுக்குக் கட்டிக் குடுக்கணுமே" என்றார் ராயப்பன்.

எனக்கு அக்காள் இல்லை என்பதைத் தெரிவித்தேன். "அப்பம் கஷ்டந்தான்" என்று சுக்கானைத் திருப்பினார்.

இதே காரியமாகத் தூத்துக்குடி போக நினைப்பவர்களுக்கு: மே மாதம் தாண்டினால் சங்கு குளிப்பு நின்றுவிடும். தலைக்குத் துண்டு, குடிக்கத் தண்ணீர் அவசியம். நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று கேட்காதீர்கள். எல்லாப் பெரிய கல்லூரியிலும் உங்களால் படித்து முடிக்க முடியாத அளவு இருக்கும். காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவார்கள் என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் போதும், போகலாம்.

என் அனுபவம் இவ்வளவுதான். பட்டணத்தில் ஆங்கில வகுப்புக்கு இரண்டு வருஷத்து மாணவர்களையும் ஒரே கூடத்தில் அடைத்திருந்தார்கள். இரண்டாவது வாரம் அந்தோணியின் எண்ணைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. பின்வரிசையில் யாரோ உதவி செய்யத் தொண்டையைக் கனைத்தார். நான் எழுந்து, "அவன் வரவில்லை" என்றேன். பேராசிரியர் தலைநிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

வகுப்பு முடியுமுன்பே வெளியே வந்து விடுதி மாடிக்கு ஓடினேன். அறை பூட்டியிருந்தது. காய்ச்சல் ஒன்றுமில்லை, கடற்கரைக்குப் போயிருந்தான். அந்த வருஷம் பரிசு போயிற்று என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், என் கதவைத் தட்டினான்.