ஒரு பை, இரண்டு ஊர்

வலது கை உப்புமாவில் இருக்கிறது. இடது கையின் ஒற்றை விரலால் யுவராணி ஹைதராபாத்தில் இருக்கும் கணினியின் சோதனைப் பக்கத்தில் ஒரு வரி எழுதுகிறார்: ‘ரவை உப்புமா, உப்பு கம்மி.’ ஒரு வாய் மென்று விழுங்குவதற்குள் அந்த வரி மும்பைக் கணினியில் தெரிகிறது. “வந்துட்டியா, சரி” என்று திரையிடம் சொல்லிவிட்டு அடுத்த வரியை மும்பையில் எழுதுகிறார். அது ஹைதராபாத்துக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் உப்பு எடுக்க எழுந்திருக்கிறார்.

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில், ஒரு விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய மாடி வீட்டில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தறிச் சத்தம் அவருடைய எல்லாக் கூட்டங்களிலும் கலந்துகொள்கிறது. பெங்களூரில் இருக்கும் சக ஊழியர்களுக்கு அது பழகிவிட்டது. சத்தம் நின்றால் இங்கே கரண்டு போய்விட்டது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் “செத்த நேரம் இருங்க” என்பார். இப்போது அந்த அணியில் தமிழ் தெரியாத ஒரு கல்கத்தாக்காரரும் யாரையாவது காக்க வைக்க வேண்டுமென்றால் “செத்த நேரம்” என்கிறாராம்.

அவர் வேலை செய்யும் நிறுவனம் ரத்த வங்கிகளுக்கான செயலி ஒன்றை நடத்துகிறது. எந்த வங்கியில் எந்தப் பிரிவு ரத்தம் இருக்கிறது, அதை எந்த ஆஸ்பத்திரி பதிவு செய்திருக்கிறது என்பதெல்லாம் ஒரு அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை மும்பையில் ஒன்றும் ஹைதராபாத்தில் ஒன்றுமாக இருந்து, ஒன்றில் எழுதுவதை மற்றது உடனே நகலெடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றுபோல வைத்திருப்பதுதான் யுவராணியின் வேலை. “ஒரு ஊருல வெள்ளம் வந்தாலும் இன்னொரு ஊருல உசுரோட இருக்கணும்லா” என்கிறார். அவருடைய அம்மா சொந்தக்காரர்களிடம் இதை இன்னும் சுருக்கிச் சொல்கிறார்: “எம்மக ரத்த ஆபீசுல இருக்கா.”

போன ஐப்பசியில் ஒரு மதியம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈஸ்வரி என்ற பெண்ணுக்குப் பிரசவம். குழந்தை பிறந்த பிறகும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். அங்கே ரத்தச் சேமிப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் சத்தியநேசன் செயலியைத் திறந்தார். ராஜபாளையம் வங்கியில் ஒரே ஒரு பை இருந்தது. பதிவு செய்தார். பை உங்களுக்குத்தான் என்று திரையில் பச்சை விழுந்தது. பையை வாங்கிவர ஆளை அனுப்பினார்.

அதே நேரத்தில் ராஜபாளையத்திலேயே, விபத்தில் அடிபட்ட ஒருவருக்காக இன்னொரு ஆஸ்பத்திரியும் அதே பையைப் பதிவு செய்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் எழுதியது ஹைதராபாத்தில் விழுந்தது. ராஜபாளையம் ஆஸ்பத்திரி எழுதியது மும்பையில். சாதாரண நாளாக இருந்தால் ஒன்றின் செய்தி உடனே மற்றதற்குப் போயிருக்கும், இரண்டாவது ஆளுக்குச் சிவப்பு விழுந்திருக்கும். அன்று மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவிலான தொடர்பு சிறிது நேரம் தடைப்பட்டிருந்தது. இரண்டு பேருக்கும் பச்சை. தொடர்பு திரும்பியதும் அட்டவணை தன் விதிப்படி நடந்துகொண்டது. கடைசியாக எழுதியவர் பெயரை வைத்துக்கொண்டு முந்தியதை அழித்தது. அழித்ததை யாருக்கும் சொல்லவில்லை. அந்த விதியைத் தேர்ந்தெடுத்தவர் யுவராணி.

சத்தியநேசன் அவரைக் கூப்பிட்டார். “மேடம், பச்சை விழுந்ததை நானே பாத்தேன். ஆள் அங்க போயி நிக்கான், பை இல்லங்காவ. இப்பப் பாத்தா ஸ்கிரீன்ல ராஜபாளையத்து ஆஸ்பத்திரி பேரு கெடக்கு.”

யுவராணிக்கு என்ன நடந்திருக்கும் என்பது அவர் பேசி முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. அந்த ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அங்கே பை முதலில் போய்ச் சேர்ந்து, ரத்தம் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். திரும்ப சத்தியநேசனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, அந்தப் பை உங்களுக்கு இனி கிடையாது. தப்பு எங்க பக்கந்தான். டாக்டர்ட்ட இப்பவே சொல்லிருங்க, அதை நம்பி இருக்க வேண்டாம்.”

பிறகு கொடையாளர் பட்டியலைத் திறந்து வரிசையாகப் பேசினார். ஒருவர் சென்னையில் இருந்தார். ஒருவர் சமீபத்தில்தான் கொடுத்திருந்தார். வன்னியம்பட்டி பாண்டிதுரை, ராணுவத்திலிருந்து விடுமுறையில் வந்தவர், வயலில் நின்றபடி போனை எடுத்தார். ஆட்டோ தேடிக்கொண்டிருக்க யுவராணிக்கு மனசில்லை. தன் ஸ்கூட்டரிலேயே போனார். பாண்டிதுரை முழங்கால் வரை சேற்றோடு நின்றார்.

“கை கால் கழுவிட்டு வாரேன் மேடம்.”

“ஆஸ்பத்திரில கழுவிக்கலாம். ஏறுங்க.”

அவருடைய ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்து ஏற்றுவதற்கு நேரமாயிற்று. ஈஸ்வரி பிழைத்தார். ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. ரத்தம் முன்பே வந்திருந்தாலும் எடுக்க நேர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ‘இருக்கலாம்’ என்பதை யுவராணி ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் திரும்பிப் போயிருக்கலாம். அவரை அங்கே யாருக்கும் தெரியாது. ஈஸ்வரியின் அம்மா குருவம்மாள் வராந்தாவில் பேத்தியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். யுவராணி அவர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னார். மும்பை, ஹைதராபாத், தொடர்பு, விதி எல்லாவற்றையும் சொன்னார். குருவம்மாள் கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“இருந்தது ஒரு பைங்கெ. அத எப்படித் தாயி ரெண்டு பேருக்குக் குடுத்தீக?”

குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த அம்மா முகம் கழுவப் போனார். திரும்பி வரும்வரை யுவராணி குழந்தையோடு நின்றார்.

நிறுவனத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. ‘தொடர்பில் தாமதம்’ என்று தலைப்பு வைக்கலாம் என்றார் மேலதிகாரி. அது பொய்யும் அல்ல. யுவராணி ‘ஒரு பையை இரண்டு பேருக்குக் கொடுத்தோம்’ என்று வைத்தார். மாற்றச் சொன்னபோது, “சார், எனக்கு வேற தலைப்பு தெரியல” என்றார். அப்படியே போயிற்று.

இப்போது பையைப் பதிவு செய்வது ஹைதராபாத்தில் மட்டும்தான். மும்பையில் இருப்பதைப் பார்க்கலாம், பைப் பதிவை எழுத முடியாது. ஹைதராபாத்துக்குப் போக முடியாத நேரத்தில் பச்சையும் விழாது, சிவப்பும் விழாது. ‘உறுதி இல்லை, வங்கிக்குப் போன் செய்யவும்’ என்று வரும். ஆஸ்பத்திரிகளில் முணுமுணுக்கிறார்கள். முன்பு சட்டென்று பதில் வந்தது, இப்போது காக்க வைக்கிறது என்று ஒருவர் நான் இருக்கும்போதே போனில் சண்டை பிடித்தார். யுவராணி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். “தெரியலைன்னா தெரியலைன்னுதான் அது சொல்லணும் சார். தப்பாச் சொல்லுறதுக்குச் சுத்திப் போறது எம்புட்டோ தேவல.” ஈஸ்வரி வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறார். கதவைத் திறந்த ஈஸ்வரி உட்காரச் சொன்னார், அதிகம் பேசவில்லை. அதற்குப் பிறகு யுவராணி போகவில்லை. “அவிய கூப்பிட்டா போவேன்” என்றார்.

நான் கிளம்ப இருந்த நேரம், ஒத்திகை ஒன்று இருந்தது. மாதத்தில் ஒரு நாள் காலையில், எல்லாருக்கும் சொல்லிவிட்டு, இரண்டு ஊர்களுக்கும் நடுவில் அவரே தொடர்பைத் துண்டிக்கிறார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இணைக்கிறார். அன்றும் இணைத்தார். இரண்டு அட்டவணைகளும் ஒரே எண்ணிக்கையைக் காட்டின. பெங்களூரிலிருந்து யாரோ சரியாக இருக்கிறது என்றார்கள். யுவராணி சத்தியநேசனுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, உங்ககிட்ட ஓ நெகட்டிவ் இருக்கா?”

“ரெண்டு இருக்கு மேடம். ஸ்கிரீன்ல போட்டிருக்கே.”

“ஸ்கிரீன விடுங்க. எந்திரிச்சுப் போயி கையில எடுத்துப் பாத்துச் சொல்லுங்க.”

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. யுவராணி மடிக்கணினியின் மூடியைத் தாழ்த்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, குளிர்பெட்டியின் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.