கழியைக் கீழே வை

எங்கள் படகில் மூங்கில் கழி ஒன்று கிடக்கிறது. இஞ்சின் வந்த பிறகு அதற்கு வேலை குறைவு. ஆனாலும் வானம் கறுத்தால் என் கண் முதலில் அதன் மேல்தான் போகும்.

இஞ்சின் வராத காலத்தில் ஏரித் தீவில் இருந்த பள்ளிக்கு அறிவியல் டீச்சரம்மாவைப் பழவேற்காட்டிலிருந்து நான்தான் ஏற்றிப் போய் வருவேன். படிக்கப் பள்ளிக்கூடம் போகாத நான், பள்ளிக்கூடம் போகாத நாளே இல்லை. அவர் பையில் பைபிளும் பூதக்கண்ணாடியும் ஒன்றாக இருக்கும். படகில் கிடக்கும் இறாலின் காலைக் கண்ணாடியில் பார்த்து, "ஆண்டவர் எவ்ளோ நுணுக்கமா செஞ்சிருக்காரு பாருப்பா" என்பார். எனக்கு அந்த இறாலின் ருசிதான் தெரியும்.

ஒரு மாலை திரும்பும்போது மேற்கிலிருந்து காற்று பிடித்தது. படகை முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத் தள்ளுகிற காற்று. மின்னல் வெட்டியது. நான் எழுந்து நின்று கழியைச் சேற்றில் ஊன்றினேன். காற்றில் கழியைக் கீழே வைப்பது எங்கள் ஆட்களுக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி.

"கழியக் கீழ வைப்பா! இந்த ஏரியிலயே ஒசரமா நிக்கிறது நீதான். நங்கூரத்தப் போட்டுட்டுப் படு."

"கழிய வுட்டா கடலுக்குப் பூடுவோம் டீச்சரம்மா!"

"மின்னல் விழுந்தா எங்கயுமே போவ மாட்டோம். படு!"

படுத்தேன். நங்கூரம் சேற்றை உழுதுகொண்டே வந்தது; படகு நகர்வது முதுகில் தெரிந்தது. பக்கத்தில் அவர் முணுமுணுத்தார். "கர்த்தாவே, காப்பாத்தும்... ஒண்ணு, ரெண்டு, மூணு..." மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுகிறார். எண்ணிக்கை குறைந்தால் இடி நெருங்குகிறதாம்.

"எனுக்குப் பத்துக்கு மேல எண்ண வராதே டீச்சரம்மா."

"இப்ப நாலே வரமாட்டேங்குதுப்பா."

அடுத்த மின்னலுக்கு ஒன்றுகூட வரவில்லை. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே விழுந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தால், கூப்பிடு தூரத்தில் வலை கட்ட நட்டிருந்த கம்பம் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. என் கழி உயரம்தான் அது.

பிறகு மூன்று வந்தது, ஐந்து வந்தது. நங்கூரமும் எங்கோ பிடித்து, படகு முகத்துவாரத்துக்கு முன்பே நின்றது. எட்டு வந்தபோது டீச்சரம்மா அழுதார்.

மறுநாள் அதே பையோடு படகேறினார். மின்னல் பாடம் நடத்தினார். என்னை வகுப்புக்குள் கூப்பிட்டுக் கழியோடு நிற்கவைத்து, "இப்படி நிக்கக் கூடாது" என்று காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் இப்போது இல்லை. வானம் கறுத்தால் நான் கும்பிடுவது எங்கள் அம்மனைத்தான். ஆனால் கழியைப் படுக்கப் போட்டு, நானும் படுத்துவிடுகிறேன். "இன்னா நைனா, பயமா?" என்பான் மகன். "ஆமாண்டா, நீயும் படு" என்று சொல்லி எண்ணத் தொடங்குவேன். பத்து வரை நான் பார்த்துக்கொள்வேன். அதற்கு மேல் டீச்சரம்மாவின் கர்த்தர் எண்ணட்டும்.