கரியில் வரைந்த மலை

என் அக்கா கரியில்தான் மலை வரைவாள். பென்சில் கூர்மையாகக் கோடு போடும். ஆனால் கல்வராயன் மலையில் காலையில் இறங்குமே அந்த மூட்டம், அது பென்சிலுக்கு அடங்காது என்பாள். வாட்டர்கலர் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பவுடர் டப்பாவில் முருங்கைக் குச்சிகளை அடைத்து, அடுப்பில் போட்டுக் கரியாக்கிக்கொள்வாள். விரலால் லேசாகத் தேய்ப்பாள். அடேயப்பா, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை எழுந்து வரும்! கரிக்கு ஒரே குறை, அது தாளைப் பிடித்துக்கொள்ளாது; சும்மா மேலே உட்கார்ந்திருக்கும்.

மெட்ராஸில் ஓவியம் படிக்க அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். படங்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் பார்த்துத்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். வெட்டியவர்களில் எங்கள் மாமாவும் உண்டு.

"நம்ம வூட்டுப் புள்ளைங்களுக்கு காலேஜ்ல எடம் கெடைக்கணும்னுதான் இவ்ளோ பாடு" என்று கோடாரியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்.

பஸ் இல்லை. உளுந்தூர்பேட்டை போனால் லாரியாவது கிடைக்கும் என்று அப்பா அக்காவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார். படங்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்தாள். அவளை விட்டு ஒருநாளும் இருந்தறியாத நான் தெருமுனைவரை அழுதுகொண்டே ஓடினேன்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார்கள். தியாகதுருகம் தாண்டியும் மரத்துக்கு மரம் சைக்கிளைத் தோளில் தூக்கவேண்டியிருந்ததாம். அட்டை இடைஞ்சலாக இருக்கவே, அப்பா அதைக் கடாசிவிட்டுப் படங்களை இறுக்கிச் சுருட்டித் துண்டில் முடிந்துகொண்டாராம். அக்கா வேண்டாமென்று கெஞ்சியதற்கு, "இது இன்னா ஒடையற சாமானாம்மா?" என்றாராம்.

கூடத்தில் அக்கா சுருளைப் பிரித்தாள். மலையும் இல்லை, மூட்டமும் இல்லை. தாளுக்குத் தாள் ஒரே சாம்பல். மாமா வாசலிலேயே தலையைத் தொங்கப்போட்டு நின்றுவிட்டார்.

"அடுத்த வருஷம் போய்க்கலாம்மா" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. அக்கா எங்கேயும் போகவில்லை! மடியில் ஏறிக்கொண்டு, நம் பூனையை வரைந்து கொடு என்று நச்சரித்தேன்.

"இன்னொரு நாளிக்கு வரையலாம்டி" என்று என் தலையைத் தடவினாள்.

அடுத்த தையில் அவளைச் சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வரைவதை அவள் சுருளைப் பிரித்த அன்றைக்கே விட்டுவிட்டாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாவி, அன்று அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான்.