டூஃபி சுவிட்சைப் போட்டால்

குமாசி நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். என் அறையில் தையல் மெஷின். எதிர் அறையில் டூஃபி.

டூஃபி தேவாலயங்களின் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவள். ஞாயிறு ஆராதனையின் நடுவில் ஒலிபெருக்கி செத்துவிட்டால், பக்கத்துத் தெருப் போதகர்கள் அவளைத்தான் தேடி ஓடிவருவார்கள். கழித்துக்கட்டிய ஆம்ப்ளிஃபயர்களை அவளிடமே விட்டுவிட்டும் போவார்கள். அப்படி வந்த பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, பழைய பிரிண்டர்களின் தண்டுகளையும் மோட்டார்களையும் கோத்து, சிஎன்சி மெஷின் ஒன்றைக் கட்டினாள். கம்ப்யூட்டரில் வரைந்ததை அது மரத்தில் தானாகவே செதுக்கும். மக்காச்சோள மில்லுக்குப் பல்சக்கரம் வார்க்கிற பட்டறைக்காரர்களுக்கு மர அச்சு வேண்டும். கையால் செதுக்கிய அச்சில் பல் ஒன்று சிறுத்து ஒன்று பெருத்துப் போகும். அதனால் மெஷின் முழுதாகத் தயாராகும் முன்பே அவளுக்கு வேலை வந்துவிட்டது.

சிக்கல் சுவிட்சில் இருந்தது. அவள் அதைப் போட்டதும் வீடு முழுக்க இருண்டுவிடும். அவ்வளவு பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரும் காலியாக இருக்கிற கண்டென்சர்களும் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டதுபோல முதல் கணத்திலேயே மின்சாரத்தை அள்ளி விழுங்கும். மெயின் பிரேக்கர் தாங்காமல் விழுந்துவிடும்.

முதலில் கேலிதான் பேசினோம். "டூஃபி, உன் பிள்ளைக்கு ரொம்பப் பசி போல" என்று முற்றத்தில் மரவள்ளிக் கிழங்கு ஃபுஃபுவை உரலில் இடித்துக்கொண்டே கத்துவோம். கேலியோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூலை அறையில் ஒபிரி இருந்தார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஆஸ்துமாவால் வேலையை விட்டவர். ஒரு பிற்பகலில் மூச்சு முட்டி, மின்சாரத்தில் ஓடி மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றுகிற மருந்து மெஷினின் மூடியை முகத்தில் வைத்திருந்த நேரத்தில் டூஃபி சுவிட்சைப் போட்டாள். மின்சாரம் போயிற்று. பிரேக்கர் இருந்தது வீட்டுச் சொந்தக்காரி அச்சியாவின் அறைக்குள். அவள் சந்தைக்குப் போயிருந்தாள், கதவு பூட்டியிருந்தது. மூலை அறையில் ஒபிரியின் மூச்சு விசில்போல இழுத்தது, பிறகு அதுவும் மெலிந்தது. டூஃபி கடப்பாரையால் பூட்டை உடைத்தாள். பிரேக்கரைத் தூக்கிவிட்டு ஓடிவந்து பார்த்தபோது ஒபிரியின் உதடு நீலமாகியிருந்தது.

அவர் பிழைத்தார். அச்சியா சந்தையிலிருந்து திரும்பியதும் முற்றத்தில் எல்லோரையும் கூட்டினாள்.

"இனி ஒரு தடவை லைட்டு போச்சுன்னா அந்தச் சனியன தெருவுல தூக்கிப் போட்டுருவேன். உன்னையும் சேர்த்துத்தான்."

ஒபிரியோ, "இப்பவே போட்டுருங்கம்மா. எதுக்கு இன்னொரு தடவை?" என்றார்.

அதன்பின் டூஃபி மெஷினைத் தொடாமல், முதல் மிடறை மட்டும் தடுக்கிற சர்க்யூட் ஒன்றைக் கட்ட உட்கார்ந்தாள். மின்சாரம் முதலில் தடித்த ரெசிஸ்டர்கள் வழியாகத்தான் போகும், அவை அதன் தொண்டையைப் பிடித்திருக்கும். கண்டென்சர்கள் நிறைந்ததும் ரிலே என்கிற தானியங்கிச் சுவிட்ச் ஒன்று 'டிக்'கென்று மூடி நேர்வழியைத் திறந்துவிடும். அவள் கை வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் கண்டென்சர்களில் ஒரு பல்பைத் தொட்டு எரியவிட்டு, உள்ளே தங்கிய மின்சாரத்தைத் தீர்ப்பாள். பல்ப் அணைந்த பிறகுதான் மூச்சு விடுவாள்.

மெஷினின் மோட்டார்களை மாட்டாமல் சோதித்தாள். ரிலே டிக்கென்றது. விளக்கு அணையவில்லை.

அடுத்த நாள் எல்லோர் முன்னும் முழு மெஷினோடு சோதனை. அச்சியா தன் அறையில் பிரேக்கர் அருகிலேயே நின்றாள். ஒபிரி நாற்காலியைப் போட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"போடும்மா. செத்தா எல்லாரும் பார்க்கச் சாகறேன்."

போட்டாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கைதட்டினோம். டூஃபியின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. மோட்டார்கள் முனகின, ஆனால் வலுவில்லாமல். அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்க முயன்றாள்.

"டிக் சத்தம் வரலையே" என்றாள் என்னிடம்.

அதற்குள் வாடை வந்துவிட்டது. ரெசிஸ்டர்கள் சிவந்து, அடியிலிருந்த பலகை கருகி, புகை சுருண்டு முற்றத்துக்கு வந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பினால் ஒபிரி மார்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

அவரை அவளும் நானும் தோளில் தாங்கி உள்ளே இழுத்துப் போனோம். அவள் அவசரமாக மருந்தை ஊற்றினாள், பாதி தரையில் சிந்தியது. மூடியை அவர் முகத்தில் அழுத்திப் பிடித்தபடி, "அண்ணே, இழுங்க. இழுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மருந்து மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அவர் மூச்சின் விசில் மெல்ல மெல்ல இறங்கியது.

"எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடறேன்" என்றாள் அவள்.

ஒபிரி மூடியைச் சற்றே விலக்கினார். "லைட்டு போகலையே" என்றார். பிறகு, "ஏன் புகைஞ்சுச்சு? அதச் சொல்லு மொதல்ல."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து யோசித்தாள். ரிலேக்கு மின்சாரம் வருவது ரெசிஸ்டர்களுக்கு அப்பாலிருந்து. மோட்டார்களை மாட்டாமல் சோதித்தபோது அங்கே மின்னழுத்தம் ஏறியது, ரிலே மூடியது. இப்போது வருவதையெல்லாம் மோட்டார்களே குடித்துவிட்டன. ரிலேக்கு மூடப் பலமில்லை, ரெசிஸ்டர்கள் மொத்தச் சுமையையும் தாங்கி வெந்தன.

"கேட்டைத் தெறக்கறவனுக்கே சோறு போடாம விட்டிருக்கேன்" என்றாள்.

"அப்ப அவனுக்குத் தனியாப் போடு" என்று ஒபிரி மூடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பழைய போன் சார்ஜர் ஒன்றை நேராக மெயினில் கொடுத்து ரிலேக்குத் தனி உணவு வைத்தாள். ரிலே மூடும்வரை மோட்டார்கள் காத்திருக்கும்படி செய்தாள். என் செத்துப்போன ரைஸ் குக்கரைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த வெப்ப ஃபியூஸைப் பிடுங்கி ரெசிஸ்டர்களோடு சேர்த்துக் கட்டினாள். மறுபடி சூடேறினால் அது அறுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

இந்த முறை சோதனை சமையல்கட்டுக்குப் பின்னால், காற்று வெளியே போகும் பக்கம். ஒபிரி தூர நின்றார், மருந்து மெஷின் சன்னலோரத்தில் தயாராக இருந்தது. அச்சியா ஜெபிக்கிற உதட்டோடு பிரேக்கரைப் பார்த்தபடி நின்றாள். டூஃபி சுவிட்சைப் போட்டாள்.

டிக்.

மோட்டார்கள் இறுக்கமாகப் பாடின. புறங்கையை ரெசிஸ்டர்களின் மேலே காட்டிப் பார்த்தாள். வெறும் வெதுவெதுப்பு. நிறுத்தினாள், மறுபடி போட்டாள். டிக். யாரும் கைதட்டவில்லை. டூஃபி மட்டும் சுவரில் சாய்ந்து, தோளில் கிடந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே மர அச்சு தயாராகிப் பட்டறைக்குப் போயிற்று. சக்கரம் சரியாக வந்ததென்று இரண்டாவது அச்சும் கேட்டார்கள். அச்சியா பிரேக்கர் பெட்டியை முற்றத்துச் சுவருக்கு மாற்றிவைத்தாள், பூட்டில்லாமல்.

ஒபிரி டூஃபியை மன்னித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தினமும் காலையில் மெஷினைப் போடுமுன் அவள் வாசலுக்கு வந்து குரல் கொடுப்பாள்.

"அண்ணே, போடறேன்."

புளித்த மக்காச்சோள மாவில் செய்த கென்கேயை மென்றுகொண்டே மூலை அறையிலிருந்து அவர் சொல்வார்: "போடு, போடு."