காக்கிச் சட்டையைக் கழற்றியவர்

குணம் அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என்னிடம் வந்தது. பஸ் பணிமனையின் ஓய்வறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவருடைய மனைவி மலரக்காவின் பெயரைக் கண்டதுமே விஷயம் விளங்கிவிட்டது.

“தம்பி, அண்ணை போயிட்டார்,” என்றார். பிறகு, “விடிய ஏழு மணி இருக்கும். நான் பக்கத்திலைதான் இருந்தனான். கஷ்டப்படேல்லை. ஈவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ. எனக்கு இப்ப நோர்ஸ்க் பாஷை வாயிலை வராது.”

ஈவர் எங்களோடு வேலை செய்யும் நோர்வேஜியச் சாரதி. அப்போது எனக்கு எதிரேதான் இருந்தார். சொன்னேன். அவர் எழுந்து போய்த் தம் கோப்பையைக் கழுவத் தொடங்கினார். ஒரு கோப்பையைக் கழுவ அவ்வளவு நேரம் தேவையில்லை.

குணம் அண்ணையின் முழுப்பெயர் குணசீலன். வயது அறுபத்தெட்டு. ஒஸ்லோ நகரின் அம்மருட் பகுதியில் வசிப்போருக்கு அவர் இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் ஓட்டியவர். வேறு சிலருக்கு, பழைய பிரித்தானியச் சிப்பாயின் உடுப்புடன் பூங்காவில் நின்ற கறுத்த மனிதர். இந்த இரண்டாவது விஷயம் நம்மவர் சிலருக்குப் பிடிக்கவில்லை. “இராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் இராணுவ உடுப்புப் போடுறான்” என்று என் காதுபடவே சொன்னார்கள். அவர் இருக்கும்போது நான் அதற்குப் பதில் சொன்னதில்லை. இப்போதாவது நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஊரில் அவர் பன்னிரண்டு வருடம் லொறி ஓட்டியவர். சீமெந்து, வெங்காயம், சில வேளை கல்யாண வீட்டுக் கதிரைகள். எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம் நின்றுவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கினார். நான் பணிமனையில் சேர்ந்தபோது அவர் அங்கே பழையவர். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்.

ஈவர் ஒரு பொழுதுபோக்குக் குழுவில் இருந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரித்தானியச் சிப்பாய்களைப் போல உடுத்து, கூடாரம் அடித்து, மக்களுக்குக் காட்டுகிற குழு அது. நோர்வேயைப் பிடித்திருந்த ஜேர்மனியர் சரணடைந்த 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரித்தானியப் படையினர் ஒஸ்லோவுக்கு வந்து இறங்கினார்கள். சாய்த்து வைத்த தொப்பி, சிரித்த முகம், வண்டியில் தொற்றி ஏறிய பெண்கள், குழந்தைகளுக்கு நீட்டிய சொக்கலேட். நோர்வேஜியரின் மனத்தில் பிரித்தானியச் சிப்பாய் என்றால் இன்றைக்கும் இந்தப் படம்தான். ஒவ்வொரு விடுதலை நாளன்றும் அந்தக் குழு அதே படத்தை மறுபடி நடித்துக் காட்டும்.

அவர்களிடம் அந்தக் காலத்துப் பிரித்தானிய லொறி ஒன்று இருந்தது. ஓட்டத்தான் ஆளில்லை. ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் மாற்றினால் காது கிழிகிற சத்தம் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஈவர் அலுத்துக்கொண்டார். குணம் அண்ணை கரண்டியைக் கீழே வைத்தார்.

“ரெண்டு தரம் கிளச் மிதிக்கவேணும். ஒருக்கா எடுக்க, ஒருக்கா போட. நான் வந்து காட்டுறன்.”

காட்டுவதற்குத்தான் போனார். போனவர் அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார்.

குழுவின் தலைவர் ஸ்வைன் மிகவும் கண்டிப்பானவர். ஒரு பொத்தான் மாறினாலும் ஏற்கமாட்டார். விடுதலை நாள் நெருங்கியபோது அவர் தயக்கத்துடன், “ஒஸ்லோவுக்கு வந்த பிரித்தானியரின் படங்களில் உங்களைப் போன்ற நிறத்தில் எவரையும் நான் கண்டதில்லையே,” என்றாராம்.

“நானும் காணேல்லை,” என்றார் குணம் அண்ணை. “ஆனா உங்களை மாதிரி தொந்தி வைச்ச சிப்பாயையும் அந்தப் படங்களிலை காணேல்லை.”

ஸ்வைன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். லொறி குணம் அண்ணையின் கைக்கு வந்தது. காக்கிச் சட்டையும் வந்தது. சுடாத துவக்கு ஒன்றையும் நீட்டினார்கள். அதை மட்டும் அவர் வாங்கவில்லை.

துவக்கு இல்லாத சிப்பாய்க்கு அணிவகுப்பு முடிந்தபின் செய்ய ஒன்றும் இருக்காது. அதனால் அவர் கூடாரத்தின் ஓரம் ஒரு மேசை போட்டார். அந்த மேசைக்காக அவர் செய்த வேலை எனக்கு வியப்பாக இருந்தது. நூலகத்தில் இருந்து அந்தக் காலச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்புகளை எடுத்து, அகராதியுடன் இருந்து வாசித்தார்.

“சண்டையைப் பற்றி எழுதினது கொஞ்சம், தம்பி,” என்று என்னிடம் சொன்னார். “மிச்சமெல்லாம் கால் புண், ஈரச் சொக்ஸ், சாப்பாடு சரியில்லை, கடிதம் வரேல்லை. ஒருத்தன் நாலு பக்கத்துக்கு மழையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறான்.”

மேசையில் தகரத் தட்டு, சவரக் கத்தி, சப்பாத்துக்குப் பூசும் மெழுகு, பாதி எழுதிய கடிதம் எல்லாம் இருக்கும். துணியில் சுருட்டிய ஊசி நூல் பொதி ஒன்றும் இருக்கும். பிரித்தானியப் படையில் அதற்கு ‘வீட்டுக்காரி’ என்றுதான் பெயராம். அதைக் காட்டும்போதெல்லாம், “எல்லாரும் ஒரு வீட்டுக்காரியைச் சட்டைப்பைக்குள்ளை கொண்டு திரிஞ்சிருக்கினம்,” என்று சொல்லிச் சிரிப்பார். பெரிய வாளியில் சாயம் ஏறத் தேயிலை போட்டு தகரப்பேணியில் வரும் ரின்பால் விட்டுத் தேநீர் ஊற்றுவார். கோப்பி குடிக்கும் நோர்வேஜியர் முகம் சுளித்துக்கொண்டே குடிப்பார்கள். அவர்கள் கேட்டால், “அவையள் குடிச்சதும் இதுதான். நாங்கள் குடிச்சதும் இதுதான்,” என்பார்.

வீட்டில் நிலைமை வேறு. மலரக்காவின் மூத்த தமையனை ஊரில் படையினர் வீட்டுக்குள் வந்து கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அப்போது மலரக்காவுக்குப் பதினாறு வயது. இன்றும் மாடிப்படியில் கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்டால் அவர் செய்கிற வேலையை நிறுத்திவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கதை எழுந்தது.

“அந்த உடுப்பு இந்த வாசலுக்குள்ளை வரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார் மலரக்கா என்னைப் பார்த்து. “கீழை நிலவறையிலை வைச்சிருக்கிறார். உங்கட அண்ணைக்கு விசர்.”

“எனக்கும் பயம்தான், மலர்,” என்றார் குணம் அண்ணை. “அந்தச் சப்பாத்துக்குள்ளை ஒரு காலும், காலிலை ஒரு கொப்புளமும் இருந்தது எண்டு தெரிஞ்சா எனக்குப் பயம் கொஞ்சம் குறையுது.”

“எனக்குக் குறையேல்லை. என்ரை அண்ணாவைக் கொண்டுபோனவனுக்கும் கொப்புளம் இருந்திருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?”

மலரக்கா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

குணம் அண்ணை குழுவில் சேர்ந்த மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ அது நடந்தது. நானும் அன்று பார்க்கப் போயிருந்தேன். பூங்காவில் நல்ல வெயில். குழுவினர் கயிறு கட்டிய எல்லைக்குள் கூடாரங்களுடன் நின்றார்கள். குணம் அண்ணை குந்தியிருந்து லொறிச் சில்லின் மேல் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். ட்ராமில் இருந்து இறங்கிப் பூங்காவுக்குள் வந்த ஒரு தமிழ்ப்பெண், கைக்குழந்தையுடன், மரங்களின் மறைவில் இருந்து திரும்பியதும் அவருக்கு நேரே வந்துவிட்டார். குணம் அண்ணை நிமிர்ந்தார். மற்றவர்கள் போட்டிருந்தால் அது வெள்ளைக்காரரின் பழைய உடுப்பு. நம்முடைய முகத்துக்குக் கீழே அந்தக் காக்கி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு அது ஊரில் கண்ட வேறொன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து அதிக காலம் ஆகாதவர் என்று பின்னர் அறிந்தேன்.

அவர் கத்தவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு புல்லில் அப்படியே குந்திவிட்டார்.

குணம் அண்ணை ஓரடி முன்னே வைத்தார், உடனே நின்றார். உதவுவதற்காக ஈவர் தோளில் துவக்குடன் ஓடிவந்தார். “அங்கேயே நில்!” என்று குணம் அண்ணை நோர்ஸ்க்கில் போட்ட சத்தத்தைப் போல நான் அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பிறகு நின்ற இடத்திலேயே தொப்பியைக் கழற்றினார். சட்டையைக் கழற்றினார். சப்பாத்தையும் கழற்றி லொறிக்கு அடியில் தள்ளினார். உள்பெனியனுடனும் வெறுங்காலுடனும் அந்தப் பெண்ணுக்கு எட்டத்தில் புல்லில் இருந்தார்.

“பிள்ளை, நான் குணம். அம்மருட்டிலை பஸ் ஓட்டுறனான். இது விளையாட்டு உடுப்பு. பிழை என்னிலைதான். நீங்கள் எழும்பவேண்டாம். ஆறுதலா இருங்கோ.”

கால்மணி நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு அவர் எழுந்து, எவரையும் பார்க்காமல், வந்த வழியே போனார். நான் சற்றுத் தூரம் விட்டு அவர் பின்னால் ட்ராம் தரிப்பிடம் வரை போய்வந்தேன். திரும்பி வந்தபோதும் குணம் அண்ணை எழும்பவில்லை. மே மாதத்துப் புல் இன்னும் குளிராகத்தான் இருந்தது.

அன்றைக்குப் பிறகு அவர் அந்த உடுப்பைப் போடவில்லை. லொறியை மட்டும், தன் சொந்தச் சட்டையுடன், கொண்டுவந்து விடுவார். அந்த உடுப்பு இல்லாதவர் கயிற்றுக்கு உள்ளே நிற்கக்கூடாது என்றார் ஸ்வைன். குணம் அண்ணை வாக்குவாதப்படவில்லை. மேசையைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே வைத்தார்.

மேசையில் அவர் சொல்லும் கதையும் மாறியது. பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தட்டையும் கத்தியையும் கடிதத்தையும் காட்டி முடித்தபின், “இவ்வளவும் உண்மை,” என்பார். “ஆனா இந்தச் சிப்பாய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினா, உள்ளை இருக்கிற ஆக்களுக்கு இதொண்டும் தெரியாது. அவையளுக்குத் துவக்கு மட்டும்தான் தெரியும். இஞ்சை இவனுக்குப் பூ எறிஞ்சவை. எங்கட தீவை ஆண்டதும் இவன்ரை ராசாதான். ரெண்டையும் ஞாபகம் வைச்சிருங்கோ.” பிள்ளைகளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஸ்வைன் கயிற்றுக்குள் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பதை நான் சிலமுறை கண்டிருக்கிறேன்.

பூங்காவில் நடந்ததை அவர் அன்றே மலரக்காவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் விடுதலை நாளன்று மலரக்காவும் வந்தார். கயிற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. மேசைக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். குணம் அண்ணை காலுறை தைத்துக் காட்டிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அதைப் பறித்தார்.

“இது தையலே? இதைப் போட்டு நடந்தா இல்லாத புண்ணும் வரும்.”

அதன்பிறகு வந்த வருடங்களில் காலுறை தைத்துக் காட்டுவது மலரக்காவின் வேலையாயிற்று. மேசையில் இருந்த வேறெதையும் அவர் தொட்டதில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில் குணம் அண்ணைக்கு ஈரலில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பணிமனைக் கதைகளைத்தான் கேட்பார். கடைசியாகப் பார்த்தபோது, “நான் செய்தது பிழையோ, சரியோ எண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை, தம்பி,” என்றார். “அந்தப் பிள்ளையை நினைச்சாப் பிழை. மலர் வந்து இருந்ததை நினைச்சாப் பிழையில்லை.” அதற்குள் தாதி வந்துவிட்டார்.

செத்தவீட்டுக்கு முதல்நாள் ஈவர் என்னைக் கூப்பிட்டு, குழுவினர் சீருடையில் வந்து மரியாதை செய்ய விரும்புவதாகச் சொன்னார். அதை மலரக்காவிடம் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். அவர் யோசிக்கவில்லை.

“உடுப்பு வேண்டாம். அவையளை வரச்சொல்லுங்கோ.”

ஏழு பேர் வந்தார்கள். கறுப்பு மேலங்கிகளில் வந்த அவர்களை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மண்டபத்தின் பின்வரிசையில் தேவாரம் முடியும்வரை அசையாமல் நின்றார்கள். நம்மவர்கள் வரிசையாகப் போய்ப் பூப்போட்டு முடிந்ததும், மலரக்கா அவர்களையும் வரும்படி கையால் காட்டினார். தட்டிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் பூவை அள்ளிக் கொடுத்தார்.

ஸ்வைன் கடைசியாக வந்தார். பட்டு வேட்டியுடன் படுத்திருந்த குணம் அண்ணையின் காலடியில் பூவை வைத்தார். அங்கே ஏதோ சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். நம்முடைய முறை அவருக்குத் தெரியாது. வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

“தக் ஃபோர் தூரென்,” என்றார்.

பயணத்துக்கு நன்றி. இந்த நாட்டில் பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்கள் சாரதிக்குச் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை அது. குணம் அண்ணை அதை இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பாரோ தெரியாது. அன்று அதைக் கேட்டதும் மலரக்கா முதல்முறையாக அழுதார்.

அதைவிட நல்ல சொல் என்னிடமும் இல்லை. பயணத்துக்கு நன்றி, அண்ணை.